வாயைத் திறக்காத வசூல்காரன்

பொன்ராஜின் மீசையைப் பார்த்துதான் ஸ்ரீனிவாசராகவன் அவனுக்கு வேலை கொடுத்தார். குரலைக் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார்.

ராகவன் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் ஓர் அப்பளக் கடையின் மாடியில் வசூல் ஏஜென்சி நடத்திவந்தார். தி.நகர்க் கடைக்காரர்கள் கடனுக்குக் கொடுத்த சரக்குக்குப் பணம் வராவிட்டால் முதலில் ஆள் அனுப்புவார்கள். பிறகு கார்டு போடுவார்கள். பிறகு நேரில் போய்ச் சத்தம் போடுவார்கள். எல்லாம் அலுத்துப்போன பிறகு பில்லை ராகவன் தலையில் கட்டிவிடுவார்கள். வசூலானால் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு.

இதற்கு ஓர் ஆஜானுபாகுவான ஆள் தேவைப்பட்டது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்திருந்த பொன்ராஜ் வாசற்படியில் தலை குனிந்து நுழைந்ததுமே, "நாளைக்கு வந்துடு" என்றார் ராகவன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை, "வணக்கம் ஐயா" என்று ஒரு குரல் கேட்டது. எந்தக் குழந்தை மாடியேறி வந்துவிட்டது என்று ராகவன் மேஜைக்கு அடியில்கூட எட்டிப் பார்த்தார். தகரப் பீப்பியை ஊதின மாதிரி இருந்த அந்தக் குரல் பொன்ராஜுடையது.

ராகவன் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு, "இதோ பாரு, பில்லை நீட்டு, நில்லு. வாயை மட்டும் தொறக்கப்படாது" என்றார்.

அது நன்றாகவே வேலை செய்தது. அசோக் நகரில் ஓர் அம்மாள் அவன் நின்ற நிலையைப் பார்த்துவிட்டுத் தன் பாக்கியோடு பக்கத்து வீட்டுப் பாக்கியையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினாள். பொன்ராஜுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. பேச்சென்றால் அவனுக்கு உயிர். ஊரெல்லாம் சுற்றியும் யாரிடமும் 'நல்லா இருக்கீயளா' என்று கேட்கக்கூட வழியில்லை.

அப்போதுதான் சோபா பில் வந்தது. கோபாலபுரம் சுவாமிநாதன் ஒரு நாடகக் குழு நடத்திவந்தார். தி.நகரில் நாற்காலி, சோபா வாடகைக்கு விடும் வெள்ளைத்துரையிடம் நாடகத்துக்கு நாடகம் சோபா எடுப்பார். வாடகை கேட்டு வருகிறவனுக்கு ஓசி டிக்கெட் கொடுத்து அனுப்பிவிடுவார். வெள்ளைத்துரையின் ஆட்கள் எல்லாரும் நாடகப் பைத்தியம் ஆனதுதான் மிச்சம்.

பொன்ராஜ் போய்க் கதவைத் தட்டினான். சுவாமிநாதன் திறந்தார், நிமிர்ந்து பார்த்தார், அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கோ, வாங்கோ. உங்களைத்தான் தேடிண்டிருக்கேன்."

பணத்தை ஒளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறான். கட்டிலுக்கடியில் ஒளிந்தவரையும் பார்த்திருக்கிறான். இப்படி யாரும் சொன்னதில்லை. விஷயம் இதுதான்: நாடகத்தில் கடன் வசூலிக்க வரும் முரடனாக நடிக்க வேண்டியவருக்குப் பொன்னுக்கு வீங்கி. சுவாமிநாதன் பில்லை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வசனக் காகிதத்தை அவன் கையில் திணித்தார். "ஒரே ஒரு வரிதான். அன்னிக்கு வர்ற வசூல்லயே சோபா பாக்கி முழுக்கத் தந்துடறேன்."

பொன்ராஜ் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னதும் ராகவன் கேட்டார்: "பேசணுமாடா?"

"இல்ல ஐயா" என்று பொன்ராஜ் பொய் சொன்னான். ஒத்திகையிலும் வாயைத் திறக்காமல், 'மேடையில் சொல்லிவிடுகிறேன்' என்று சைகை காட்டியே சமாளித்தான். பெரிய நடிகர்கள் அப்படித்தான் என்று சுவாமிநாதன் நம்பிவிட்டார்.

நாடகம் அழுகை நாடகம். நொடித்துப்போன அப்பா சோபாவில் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து கிடக்கிறார். மகள் விசும்புகிறாள். சபாவில் பாதிப்பேர் மூக்கைச் சிந்துகிறார்கள். பொன்ராஜ் உள்ளே வந்து நின்றான். முன்வரிசையில் ஒரு குழந்தை பயந்து அம்மா மடியில் ஏறிக்கொண்டது.

"இந்த வீட்டில் உயிரைத் தவிர அத்தனையையும் அள்ளிக்கொண்டு போவேன்" என்றான்.

அந்தப் பீப்பிக் குரல் கடைசி வரிசை வரை கேட்டது. சபாவே சிரிப்பில் குலுங்கியது. மகள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். செத்துக்கொண்டிருந்த அப்பா சிரித்த சிரிப்பில் சோபாவிலிருந்து உருண்டார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "இன்னொரு தபா சொல்லு நைனா."

பொன்ராஜ் சொன்னான். கேட்ட போதெல்லாம் சொன்னான். அடுத்த வாரத்திலிருந்து சுவாமிநாதன் அதை ஹாஸ்ய நாடகம் என்று விளம்பரம் செய்தார். சோபா வாடகை முழுதாக வந்துசேர்ந்தது.

ஆனால் ஏஜென்சியின் மானம் போயிற்று. மயிலாப்பூரிலும் அடையாறிலும் பொன்ராஜைக் கண்டதும் கதவைத் திறக்கும் முன்பே சிரித்தார்கள்.

"என் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டியேடா" என்றார் ராகவன்.

"ஏசாதீங்க ஐயா. இப்பதான் எல்லாரும் உள்ள கூப்புடுதாவ."

உள்ளே கூப்பிட்டார்கள், காப்பி கொடுத்தார்கள். அவன் அவர்கள் வீட்டுக் கல்யாணம், முட்டிவலி, தண்ணீர்க் கஷ்டம் எல்லாவற்றையும் விசாரித்தான். அவ்வளவு பேசிய பிறகு வெறுங்கையோடு அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை, கொஞ்சமாவது கொடுத்தார்கள். முன்பு ஒரு நாளில் முடிந்த வசூலுக்கு இப்போது ஒரு வாரம் ஆயிற்று. சாயங்காலம் மாடியேறி வந்து, எந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் அவரிடமும் சொல்ல ஆரம்பித்துவிடுவான். ராகவன் குடையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார். அவன் சொன்ன அடையாறு வீட்டில் கோபித்துக்கொண்டு போன மருமகள் கடைசியில் திரும்பி வந்தாளா இல்லையா என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்துவிடுவார்.