கோட்டு காய்ந்துகொண்டிருந்த மழைக்காலம்

புது கார் வாங்கி ஒரு வாரம் ஆகிறது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க இன்னும் மனசு வரவில்லை. நேற்று மழைக்குக் கண்ணாடியை ஏற்றியதும் அந்த உறையிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது பாருங்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. நைனா வாங்கித் தந்த மழைக்கோட்டின் வாசனை அப்படியே.

அப்போது பிச்சாட்டூரிலிருந்து திருப்பதிக்குத் தினமும் பைக்கில் போய்வந்தேன். ஃபர்னிச்சர் கடையில் பில் போடும் உத்தியோகம். ஐப்பசி பிறந்துவிட்டால் பைக்கில் போகிறவன் பாடு திண்டாட்டம்தான். போனுக்குப் பால் பாக்கெட் கவர், காலுக்குத் துணிக்கடைப் பை, சட்டைக்குள் செய்தித்தாள். இத்தனையும் செய்தாலும் தண்ணீர் பெட்ரோல் டேங்க் மேல் வழிந்துவந்து உட்காரும் இடத்தில்தான் குளம் கட்டும். பேண்ட்டில் அந்த ஓர் இடம் மட்டும் நனைந்து கடைக்குள் நுழைபவனை ஜனங்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மழை நாளில் மேஜையை விட்டு எழவே மாட்டேன். என்ன பொறுப்பு என்று முதலாளி மெச்சிக்கொண்டார்.

ஒருநாள் தொப்பலாக வந்து நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் நைனா அந்த நீலக் கோட்டை வாங்கிவந்தார். "இனிமே நனைஞ்சிக்கினு வந்தியோ, வூட்டுக்குள்ள சேக்க மாட்டேன்" என்றார்.

மறுநாள் சாயங்காலமே நல்ல மழை. கோட்டை மாட்டிக்கொள்ள வடமாலபேட்டைக்குச் சற்று முன்னால் இருந்த பஸ் ஷெல்டரில் ஒதுங்கினேன். எனக்கு முன்பே அங்கே பைக்கில் வந்தவர்கள் கூட்டம். ஒரு கையைக் கோட்டுக்குள் விட்டிருப்பேன், ஸ்கூட்டியில் வந்து இறங்கிய ஒரு பெண், "ஜரகண்டி, ஜரகண்டி" என்று மலைமேல் க்யூவைத் தள்ளுவதுபோல எங்களையெல்லாம் நகர்த்திவிட்டு உள்ளே வந்தாள். தெலுங்குப் பெண் என்று நினைத்தேன். உடனே போனில், "வந்துக்கினே கீறேம்மா, மழ வுட மாட்டேங்குது" என்றாளே, நம்ம தமிழ்! கோட்டு மறுபடி பைக்குள் போய்விட்டது. போட்டுக்கொண்டால் கிளம்ப வேண்டியதுதானே?

அதன்பிறகு பையில் கோட்டை வைத்துக்கொண்டே ஒவ்வொரு மழைக்கும் ஒதுங்கினேன். அவளுக்குப் புத்தூர். திருப்பதியில் ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன். நாங்கள் பேசியதெல்லாம் மழையைப் பற்றித்தான். மழையைப் பற்றி அவ்வளவு பேச இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

அப்புறம்தான் நான் கெட்டிக்காரத்தனம் பண்ணினேன். ஒரு சாயங்காலம் அவள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. அவள் தவித்ததைப் பார்க்கப் பொறுக்காமல் பையைத் திறந்து கோட்டை நீட்டினேன். அவள் கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஏதோ ராஜ்யத்தையே தானம் கொடுத்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நனைந்து வீடு போனேன்.

கோட்டு இருக்கிறவள் ஷெல்டரில் எதற்கு நிற்கப்போகிறாள்? இந்தச் சின்னக் கணக்கு அடுத்த மழையில்தான் உறைத்தது. நான் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நீலக் கோட்டு ஹார்னை இரண்டு தடவை அடித்துவிட்டு ஜம்மென்று போய்விட்டது. அதற்கடுத்த மழையிலும் அதே கதை. கோட்டைத் திருப்பிக் கேட்டால் கஞ்சன் என்று நினைப்பாள். கேட்காவிட்டால் கார்த்திகையோடு மழை ஓய்ந்துவிடும், அப்புறம் அவளை நிற்கவைத்துப் பேச எனக்கு என்ன சாக்கு இருக்கிறது? ஊரே மழை போதும் என்றது. நான் மட்டும் வேண்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் நைனா வேறு, "கோட்டு எங்கடா?" என்பார். "கடையில காயுது நைனா." மறுநாள் மறுபடி, "இன்னாடா, இன்னுமா காஞ்சிக்கினே கீது?"

கார்த்திகைக் கடைசியில் ஒரு மழை. ஹார்ன் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஹார்ன் வரவில்லை, ஸ்கூட்டியே வந்து நின்றது. கோட்டைக் கழற்றி உதறி என் கையில் கொடுத்து, "இந்தாங்க. இனிமே வேணாம்" என்றாள். கோட்டைப் புரட்டிப் பார்த்தேன்.

"ஏங்க, ஒழுகுதா?"

"ஒழுகல. அதாங்க தொல்ல. எங்கயும் நிக்காம நேரா வூட்டுக்குப் போய்ட்றேன்."

மரமண்டைக்கு இது ஏற ஒரு நிமிஷம் பிடித்தது. ஏறியதும் ஈயென்று இளித்தேன். பாழாய்ப்போன மழை அந்த நேரம் பார்த்துச் சட்டென்று நின்றது. எல்லோரும் வண்டியைக் கிளப்பினார்கள். "மழ நின்னுப்போச்சிப்பா" என்று ஒரு பெரியவர் எங்களுக்கு அக்கறையாக எடுத்துச் சொன்னார். "ஆமாங்க" என்றோம் இரண்டு பேரும். நகரவில்லை.

அன்றிரவு கோட்டைக் கண்டதும் நைனாவுக்குப் பரம திருப்தி, கடைசியில் காய்ந்துவிட்டதே என்று. கூடவே ஒரு மருமகளும் வரப்போகிறாள் என்பதைச் சொல்ல எனக்குத் தை மாசம் வரை தைரியம் வரவில்லை.

பிறகு சாலையை அகலமாக்கினார்கள், ஷெல்டர் போயிற்று. அந்த இடத்தில் இப்போது நீளமாக இரும்புத் தடுப்பு. நேற்று மழையில் அதைத் தாண்டும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எட்டி ஹார்னை இரண்டு தடவை அடித்தாள். ஒதுங்கி நின்று கேட்க அங்கே யாரும் இல்லை. நாங்களும் நிறுத்த இடமில்லாமல், ஒரு சொட்டுக்கூட நனையாமல், நேராக வீட்டுக்குப் போய்விட்டோம்.