காகிதத்தில் விழுந்த கறுப்பு

குழித்துறைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், எங்கள் ஈஸ்ட் ஆய்வகத்துக்கு ராஜபாய் அக்காதான் அட்டெண்டர். ஈஸ்ட் வளர்க்கும் தட்டு கழுவுவது, அதுக்குத் தீனி காய்ச்சுவது எல்லாம் அவள் பொறுப்பு. ஆராய்ச்சி மாணவன் என்று பந்தாவாகத் திரிந்த என் தட்டுகளில் பூஞ்சை பிடிக்கும். அவள் தட்டில் பிடித்ததே இல்லை.

ஈஸ்ட் செல்லுக்குள் பழசைச் செரித்து ஒழிக்க ஒரு பை உண்டு. செரிக்கிற புரதம் வேறோரிடத்தில் உண்டாகி அந்தப் பைக்குப் போய்ச்சேர வேண்டும். அனுப்புகிற ஏற்பாடு கெட்டிருந்தால், அது வழிதவறிச் செல்லுக்கு வெளியே கொட்டிவிடும். தட்டின்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டியெடுத்துச் சாயமேற்றினால், கொட்டிய இடம் கறுப்பாகத் தெரியும். எங்களுக்கு வேண்டியது அந்தக் கெட்ட ஈஸ்ட்தான். அதை அக்கா பொறுக்கித் தர, ஆராய்ச்சிக்காக ஃப்ரீசரில் பத்திரப்படுத்துவோம். நல்லதை அக்கா அவித்துக் கொட்டிவிடுவாள்.

2009-இல் அவள் மகள் பெபிஷாவுக்கு மூன்று வயது. உட்காரவைத்தால் சரிந்துவிடும், விரல் நிமிராது. அக்கா போகாத ஜெபக்கூட்டம் இல்லை.

ஒருநாள் காலையில் திருவனந்தபுரத்தில் மகளுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு ஓடிவந்தாள். டாக்டரைப் பார்க்கும் நாள்வரை அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பிரைட்டன் சாறே, பாத்தியளா? பிள்ளைக்குச் செரிக்கிற சாமானம் இல்லண்ணு டாக்டரு சந்தேகப்பட்டாரு. ரெத்தத்தில பத்து மடங்கு உண்டும்! பெழச்சோம்லா?"

நான் அடுத்த வரியைப் படித்தேன். என் முகத்தைப் பார்த்து அவளே கேட்டாள்.

"செல்லுக்க உள்ள?"

"இல்லக்கா."

மேசையில் உலரப்போட்டிருந்த, கறுப்பு விழுந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தாள்.

"அப்போ இதும் வெளிய கொட்டினதாக்கும். இல்லியா?"

பொய் சொல்ல எனக்கு நன்றாக வரும். அன்று வரவில்லை.

"ஆமாக்கா."

"மருந்து உண்டுமா?"

"இல்லக்கா."

ஆறு வருஷமாக இதையே படித்த என் வெட்கங்கெட்ட படிப்புக்கு எட்டியது அவ்வளவுதான்.

அடுத்த மழைக்காலத்தில் பெபிஷா போய்விட்டாள். பத்தாம் நாள் அக்கா வேலைக்கு வந்தாள். நல்லதை அவிக்க எடுத்துவைத்துவிட்டு, காகிதத்தில் கறுப்பு விழுந்த தட்டுகளை ஃப்ரீசரில் வைக்க என்னிடம் நீட்டினாள்.

"கெட்டதுகள ஒண்ணுவிடாம பெறக்கித் தந்தது நானாக்கும் சாறே. எல்லாம் பத்திரமா இருக்கு. எனக்க ஒண்ணத்தான் வைக்க எடமில்லாமப் போச்சு."