ஈசானி மூலையில் சப்வூஃபர்

ஸ்ரீபெரும்புதூரில் ஓவர்டைம் பார்த்து, திருப்பதியில் கடை கடையாக ஏறிக் கேட்டுப் பார்த்து, பெரிய சப்வூஃபரோடு ஹோம் தியேட்டர் வாங்கினேன். இன்று அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்ததுமே நைனா வந்துவிட்டார்.

"ஈசானி மூலைல இவ்ளோ வெயிட்டு வெப்பாங்களாடா? வூட்டுக்கு ஆவாது. தூக்கினு போய் பெட்ரூம்ல வெய்யி."

"நைனா, இது பீரோ இல்ல, ஸ்பீக்கரு!"

பொருத்த வந்த கடைக்காரராவது என் பக்கம் பேசுவார் என்று பார்த்தால், "பெரியவரு சொல்றது கரெக்ட்டு சார்" என்று ஒயரைப் பெட்ரூம் வரை இழுத்துவிட்டுப் போய்விட்டார். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

இப்போது ஹாலில் ஹீரோ அடிக்கிறார். பெட்ரூமில் பீரோ அதிர்கிறது.

மீதி ஐந்து ஸ்பீக்கருக்கும் எந்த மூலை என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் சொல்லாதீர்கள். நைனாவும் இதைப் படிப்பார்.