தண்ணீர் கடத்தி விட்ட பூனை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் "வேலை கிடக்குது" என்று எழும்பிப் போகிற ஆள் நான். துறைமுகத்து வேர்க்‌ஷொப்பில் எஞ்சின் திருத்துகிற பிற்றராக இருந்தவன். ஒரு எஞ்சின் இருமினால் அதற்குக் காரணம் இருக்கும், கழற்றிப் பார்த்தால் கையில் அகப்படும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வேதம். கோயிலுக்குக்கூட என் மனைவி ரோசலினுக்காகத்தான் போவேன், பூசை முடியும் வரைக்கும் வெளியே நின்று சுருட்டுப் பிடிப்பேன். இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, மனுசன் காய்ச்சலில் பிதற்றியிருக்கிறான் என்று நீங்கள் நினைத்தால் எனக்குக் கோபம் வராது. நானும் அப்படி நினைத்துத் தப்பிக்கத்தான் பார்த்தேன். அந்த மஞ்சள் கறை விடவில்லை.

எழுபதுகளில், இன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால், பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். ஒருநாள் வேலையில் நிற்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். குடல்வால் அழுகி உள்ளுக்குள்ளேயே உடைந்துவிட்டது என்று வெட்டி எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, நிமிர்ந்து நடக்கவும் ஏலாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். உட்துறைமுகத்துப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன வீடு. பிள்ளைகள் இல்லை. ஒரு நாயும் ஒரு பூனையும்தான். நாய்க்கு ஜிம்மி என்று பெயர். பூனை வெள்ளை வெளேரென்று இருந்ததால் ரோசலின் அதற்குச் சீனி என்று பெயர் வைத்தாள். கண் திறக்காத குட்டியாக மீன் சந்தையில் கிடந்ததை எடுத்துவந்து, பாலில் துணியை நனைத்துக் கொடுத்து வளர்த்தவள் அவள்தான். ஆனால் அது ஒட்டிக்கொண்டது என்னிடம். வேலையால் வந்து கதிரையில் சாய்ந்தால் போதும், கிறீஸ் மணக்கிற என் களிசான் காலில் வந்து முகத்தைத் தேய்க்கும். காலால் தள்ளிவிடுவேன், திரும்பவும் வரும். இதற்கு ரோசமே கிடையாது என்று சிரிப்பேன்.

முன்னறையில் எனக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். கட்டிலின் வலது பக்கம் நிலத்தில் ஜிம்மி படுக்கும். பகல் சாப்பாடு முடிந்து நான் சரிந்ததும் சீனி வரும். எப்போதோ ஒருதரம் சீனியின் நகம் மூக்கில் பட்டதிலிருந்து ஜிம்மிக்கு ஒரு பழக்கம். சீனி வருகிறதென்றால் எழும்பி, இரண்டடி விலகி, வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். அது கட்டிலில் பாய்ந்து ஏறின பிறகுதான் திரும்பவும் வந்து படுக்கும். பெரிய மனிதர் வருகிறபோது வழி விடுகிற மாதிரி இருக்கும். எனக்குச் சிரிப்பு வரும், சிரித்தால் தையல் இழுக்கும்.

ஏறினால் சீனிக்கு ஒரே இடம்தான். வலது பக்கம், கடைசி விலா எலும்புக்குக் கீழே முகத்தை அழுத்திவைத்துப் படுக்கும். எனக்கு வெட்டின இடம் அது இல்லை, வெட்டினது கீழே, அடிவயிற்றில். ஆனால் சீனி நீட்டிப் படுத்தால் அதன் பின்னங்கால் இரண்டும் சரியாக மருந்துக் கட்டின்மேல் வந்து நிற்கும். முன்னங்காலால் விலாவுக்குக் கீழே பிசையும், பின்னங்காலால் காயத்தில் உந்தும், எனக்கு உயிர் போய் வரும். தூக்கிப் போடுவேன், திரும்பவும் ஏறும், அதே இடம். இடது பக்கம் முழுவதும் சும்மா கிடக்கும், அங்கே படுக்கவே படுக்காது. பார்க்க வந்த சனம் வேறு, பச்சைப் புண்ணில் பூனை மயிர் போனால் பிறகு பிழைக்கிறது கஷ்டம் என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த தோடம்பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் சீனி உந்தின உந்தலில் தையல் கசிந்து இரத்தம் வந்துவிட்டது. நான் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். அந்த நேரம் ரோசலினின் தம்பி அந்தோனி வீட்டில் நின்றான். அவனுக்குக் குடாவைக் கடந்து அக்கரை மூதூருக்கு ஆள் ஏற்றுகிற லாஞ்சியில் வேலை.

"அத்தான், இதை இஞ்ச எங்க கொண்டுபோய் விட்டாலும் திரும்பி வந்திடும். தண்ணி கடத்தி விடவேணும். நாளைக்கு நான் மூதூருக்குக் கொண்டு போறன்" என்றான்.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. தரை வழியாக எவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டாலும் பூனை வந்து நிற்கும், கடல் கடந்தால் அதற்கு வழி தெரியாது. அதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கொட்டியாரக் குடாவின் நடுவே, இரண்டு கரையும் ஒரே தூரத்தில் தெரிகிற இடத்தில் பூனை இருக்கிற சாக்கை மூன்று தரம் சுற்றிவிட வேண்டும், திசை மறந்துவிடுமாம். பேயை நம்பாத நான் இதை நம்பினேன், பாருங்கள்.

"இஞ்சாருங்கோ, அது உங்களோட இருக்கத்தானே வருது. நான் வேணுமெண்டா குசினிக்குள்ள பூட்டி வைக்கிறன். கொண்டுபோகச் சொல்லாதேங்கோ" என்றாள் ரோசலின்.

"உமக்குப் பூனை பெரிசோ, நான் பெரிசோ?"

அவள் சீனியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அப்படிக் கேட்டால் எந்தப் பெண்தான் என்ன சொல்லுவாள். கேட்டவன் நான், அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதிலேயே கிடக்கிறது.

மறுநாள் காலையில் சாக்குக்குள் போட்டதும் சீனி கத்தின கத்தல் கொஞ்சமில்லை, அந்தோனியின் கையெல்லாம் கீறல். நான் கட்டிலில் கிடந்தபடியே, "கெதியாக் கொண்டு போடாப்பா" என்று சொன்னேன். என் குரலைக் கேட்டதும் அது கத்துவதை நிறுத்திவிட்டது. நான் வந்துவிட்டேன், இனிப் பயமில்லை என்று நினைத்திருக்கும். சோற்றில் கை வைக்கும்போது இது ஞாபகம் வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

சீனி போன பிறகு எனக்குக் காய்ச்சல் தொடங்கியது. பக்கத்து மருந்துச்சாலை அப்போத்திக்கரி ஐயா வீட்டுக்கு வந்து பார்த்தார். காயம் நன்றாக ஆறுகிறது, காய்ச்சல் தானாக விடும் என்று சொல்லி, கசிந்த தையலுக்குப் பூச ஒரு மஞ்சள் மருந்து தந்தார். அந்த மருந்து அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பட்ட இடத்தை விட்டுப் போகாத மஞ்சள். பூசிய அன்றே என் இடுப்புச் சாரமும் படுக்கை விரிப்பும் பாழாகி, ரோசலின் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் களைத்துப்போனாள்.

அடுத்த நாள் பகல். நல்ல வெயில், கதவு யன்னல் எல்லாம் திறந்து கிடக்கிறது. ரோசலின் குசினியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது. நான் கண்ணை மூடவில்லை, முகட்டைப் பார்த்தபடி கிடக்கிறேன். ஜிம்மி எழும்பியது. இரண்டடி விலகி நின்று வாலை ஆட்டியது. நான் வாசலைப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. அதே நேரம் கட்டில் லேசாக அமர்ந்தது. வலது பக்கம், விலாவுக்குக் கீழே, ஒரு பாரம். சூடு. பின்னாலே மருந்துக் கட்டின்மேல் இரண்டு சின்ன அழுத்தம். நம்பினால் நம்புங்கள், விரிப்பில் அந்த இடம் குழிந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். பிறகு அந்தக் குறுகுறுப்பு தொடங்கியது. எஞ்சின் ஓடுகிறதா நிற்கிறதா என்று கை வைத்துப் பார்த்துச் சொல்லுகிற தொழில் எனக்கு, அதிர்வைப் பற்றி நீங்கள் எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. அது என் உடம்பின் நடுக்கம் இல்லை. என் விலா எலும்பில் வெளியே இருந்து ஏறின அதிர்வு. ஜிம்மி திரும்ப வந்து தன் இடத்தில் படுத்துக்கொண்டது.

பயத்தைவிட எனக்கு வெட்கம்தான் வந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை, போட அங்கே என்ன இருக்கிறது. அசையாமல் கிடந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பகலும் வந்தது. காய்ச்சல் ஏற ஏற அந்த இடத்தை அது அழுத்துகிற அழுத்தமும் கூடியது. ரோசலினிடம் சொல்ல வாய் வரவில்லை, எந்த முகத்தோடு சொல்லுவது? ஆனால் ஒரு பகல் அவள் எனக்குக் கஞ்சி கொண்டுவந்தபோது ஜிம்மி எழும்பி வழி விட்டு நின்றது. அவள் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். நாயைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எங்க படுத்திருக்குது?" என்று மெல்லக் கேட்டாள்.

நான் கையை வைத்துக் காட்டினேன். அவள் குசினிக்குப் போய் அழுதாள்.

காய்ச்சல் விடவில்லை, உதறலும் தொடங்கிவிட்டது, வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் காயத்தைப் பார்த்தார், காயத்தில் ஒரு குறையும் இல்லை. இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்கள். "வேற எங்கயாவது நோகுதோ?" என்று டொக்டர் கேட்டார். நோவு என்று சொல்ல எனக்கு அங்கே பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை, ஆனால் ரோசலின் முந்திக்கொண்டாள்.

"டொக்டர், இந்த இடத்தை ஒருக்கா அமத்திப் பாருங்கோ" என்று விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள்.

அவர் விரலால் ஆழமாக அமத்தினார், நான் நோவில் கட்டிலில் இருந்து துள்ளி எழும்பிவிட்டேன். குடல்வால் உடைந்தபோது போன நஞ்சு மேலே ஏறி, ஈரலுக்குப் பக்கத்தில் சீழாகக் கட்டியிருந்தது. அன்றைக்கே திறந்து எடுத்தார்கள். பிந்தியிருந்தால் ஆளைக் காப்பாற்றியிருக்க ஏலாது என்று ரோசலினிடம் சொன்னாராம். சீனி முதல்நாளே போய் முகத்தை வைத்த இடம் அது. சொல்ல வாய் இல்லாத சீவன் தனக்குத் தெரிந்த விதத்தில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நான் அதைச் சாக்கில் கட்டி அனுப்பினேன்.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்தப் பாரம் வரவில்லை. திரும்பி வீட்டுக்கு வந்த பிறகும் இல்லை, ஜிம்மி பகல் முழுவதும் அசையாமல் தூங்கியது. நடக்க முடிந்ததும் நான் செய்த முதல் வேலை அந்தோனியோடு லாஞ்சி ஏறினதுதான். ரோசலின் பொரித்த சூடை மீனை வாழையிலையில் சுற்றித் தந்தாள். "சாக்கில வேண்டாம், மடியில வைச்சுக் கொண்டு வாங்கோ" என்று வாசல் படலை வரைக்கும் வந்து சொன்னாள்.

அந்தோனி சாக்கை அவிழ்த்துவிட்ட மூதூர் ஜெட்டிக்கு முன்னால் ஒரு முஸ்லிம் நானாவின் தேத்தண்ணீர்க் கடை. உள்ளே சீனிச் சாக்குகளுக்கு மேலே என் சீனி படுத்திருந்தது. உடம்பு தேறி நன்றாகத்தான் இருந்தது. பின்னங்கால் இரண்டும் முழங்கால் வரைக்கும் மஞ்சள்.

"ஒங்கட பூனையா தம்பி? நல்ல பூனை, கள்ளமில்ல. ஆனா பகல்ல படுத்தா மையத்து மாதிரி. தூக்கினாலும் தெரியா, மீனக் காட்டினாலும் தெரியா, மூச்சு மட்டும் ஓடும். பின்னேரம் பள்ளியில அசர் பாங்கு சொன்னாத்தான் கண்ணு முழிக்கும்" என்றார் நானா.

"கால்ல இது என்ன, நானா?"

"அதான் விளங்குதில்ல. வந்த புதுசுல கால் ரெண்டும் நல்ல வெள்ளை. பொறகு ஒருநாள் தூங்கி எழும்பக்குள்ள பாத்தா மஞ்சள். எண்ட பொண்டாட்டி கழுவிக் கழுவிப் பாத்தா, அடுத்த நாளும் புதுசா ஈரமா இருக்கும். இப்ப கொஞ்ச நாளாப் புதுசா வாறல்ல, இது பழைய கறை."

நான் குனிந்து மணந்து பார்த்தேன். அந்த மருந்துதான். நானா இழுத்துத் தந்த வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன்.

சீனி விழித்தது. என்னை நன்றாகப் பார்த்தது, அடையாளம் தெரியாத பார்வை இல்லை அது. இலையைப் பிரித்து வைத்தேன். கையை நீட்டி, "சீனி, வாம்மா, வீட்டை போவம்" என்று கூப்பிட்டேன். வாழ்நாளில் அதை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. அது எழும்பி வந்து என் விரலை ஒருதரம் மணந்தது. பிறகு திரும்பிப் போய் நானாவின் காலடியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. மீனைத் தொடவே இல்லை. தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம்தான். இரண்டாம் தரமும் அதன் விருப்பத்துக்கு மாறாகக் கடல் கடத்த எனக்கு மனம் வரவில்லை. லாஞ்சியில் வரும்போது குடா நடுவில் அந்தோனி என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சரிந்தேன். ஜிம்மி எழும்பியது. இரண்டடி விலகி நின்று வாலை ஆட்டியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையை அகற்றி இடம் விட்டுக் கிடந்தேன். கட்டில் அமரவில்லை. பாரம் இல்லை, சூடு இல்லை. ஜிம்மி கட்டிலுக்குக் கீழே ஒரே இடத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றது. பிறகு யாரையோ வழியனுப்புகிற மாதிரி வாசல் வரைக்கும் போய் வந்து படுத்தது.

"உங்களுக்குச் சுகம், அதுதான் ஏறேல்லை. ஏறத் தேவையில்லையே" என்றாள் ரோசலின். என்னைத் தேற்றச் சொன்னாளா, உண்மையிலேயே அப்படி நினைத்தாளா தெரியாது. நோய் இல்லாததால் ஏறவில்லையா, மன்னிக்காததால் ஏறவில்லையா என்று நானும் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஜிம்மி கிழடாகிச் சாகும் வரைக்கும் அநேகமாக எல்லாப் பகலும் அப்படி எழும்பி வழி விட்டது. ஒருநாள்கூட என்மேல் எதுவும் ஏறவில்லை. போன மாரியோடு ஜிம்மியும் போய்விட்டது. இப்போது அது வருகிறதா, வந்து கட்டிலடியில் நின்றுவிட்டுப் போகிறதா என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. பகலில் நான் கட்டிலின் இடது ஓரமாகவே படுக்கிறேன். வலது பக்கத்தை விட்டுவைத்திருக்கிறேன்.