புஷ்பவள்ளிக்கு அருள் வந்த மதியம்

பிரேமலா வார நாட்களில் கெலாங் பாத்தாவில் ஒரு பல் கிளினிக்கின் கவுண்டரில் இருப்பாள். மற்ற நேரமெல்லாம் நவீன நடனம்தான். நாற்பது வயதாகியும் விடவில்லை.

கோலாலம்பூரில் ஜப்பானிய ஆசிரியர் ஒருவர் நடத்திய பட்டறைக்கு ஒருமுறை போயிருந்தாள். மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெல்ல மெல்ல நடக்கச் சொன்னார் அவர். "நீ நடக்காதே. உடம்பை வெறும் கூடாக விடு, நடை தானாக வரும்" என்றார். காஹாங் ஊர்க் கோயிலில் பால்குடம் தூக்கி, வெயிலில் தன்னை மறந்து போகும் பெண்கள்தான் அவளுக்கு நினைவுக்கு வந்தார்கள். அந்த நடையையும் இந்த நடையையும் சேர்த்து ஒரு நடனம் அமைத்தாள். பின்னால் கோயில்களில் வாசிக்கும் சின்னத்தம்பியின் உறுமி மேளம், அவ்வளவுதான்.

ஜொகூர் பாருவில் நடன விழா. ஏற்பாட்டாளர் ரூபேந்திரன் ஒத்திகை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கிழக்கத்தியத் தத்துவம் கொஞ்சம் பத்தலை சிஸ்டர். ஒரு குத்துவிளக்கு வெச்சா என்ன?"

"விளக்கு வெச்சா தத்துவம் ஆயிடுமா சார்?"

அவர் விடவில்லை. புத்தர் சிலை என்றார், ஊதுபத்தி என்றார். எல்லாவற்றுக்கும் முடியாது என்று சொல்லியே அவள் களைத்துப்போனாள்.

சனிக்கிழமை மதியம் முதல் காட்சி. அவள் பாதி மேடைகூடத் தாண்டியிருக்கமாட்டாள், கீழேயிருந்து ஒரு அலறல். கணவரின் அக்கா புஷ்பவள்ளி! கூந்தல் அவிழ, கண் செருக, நாற்காலிகளுக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தாள். பிரேமலா மேடையிலிருந்து குதித்து ஓடி அவளைக் கட்டிப் பிடித்தாள்.

"அண்ணே, மேளத்த நிறுத்துங்க!"

"பாதியில நிறுத்தக் கூடாதும்மா, சாமி கோவிச்சுக்கும்!" என்று சின்னத்தம்பி இன்னும் வேகமாக வாசித்தார்.

யாரோ கைப்பையிலிருந்து திருநீறு எடுத்துப் பூசிய பிறகுதான் புஷ்பவள்ளி அடங்கினாள். உடனே அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. இதுவும் நடனத்தில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள்.

"சூப்பர் லா!" என்று ஓடி வந்தார் ரூபேந்திரன். "நாளைக்கும் இவங்க வருவாங்களா?"

பிரேமலாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷம் பழகியும் ஒருநாளும் தனக்கு வாய்க்காதது, ஏர்கோன் குளிரில் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு வந்துவிட்டதே! பழியை மேளத்தின்மேல் போட்டாள். சின்னத்தம்பி கோபித்துக்கொண்டு உறுமியை வேனில் ஏற்றிவிட்டார்.

மறுநாள் தன் மூச்சுச் சத்தத்தில் மட்டும் நடந்தாள். கால் பிசகவில்லை. ஆனால் வெளியே போகும்போது ஒருவர், "நேத்து இருந்த ஆன்மிகம் இன்னிக்கு இல்லையே" என்றது அவள் காதில் விழுந்தது.

நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

"நேத்து நான் கெடுத்துட்டேனா பிரேமா?" என்றாள் புஷ்பவள்ளி.

"ஆமா அண்ணி. அந்த மேளத்தால வந்த வினை."

"மேளமா? அது என் காதுலயே விழல. நீ நடந்து வந்த பாரு, அதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஒண்ணும் தெரியல."

பிரேமலா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"இத நேத்தே சொல்லியிருக்கலாம்ல அண்ணி?"