எமில்டா இரண்டாம் முறை செய்த சாவி

துறைமுகச் சாலையில் லாரி உரசியதில் எமில்டா ஸ்கூட்டரோடு விழுந்தாள். இடது கால் எலும்பு முறிந்து, கம்பி வைத்தார்கள். கால் ஊன்றி நடக்க மாதக்கணக்காகும் என்றார் டாக்டர். அவள் வேலை பார்த்த கப்பல் ஏஜென்சியோ மாடியில், லிஃப்ட் கிடையாது.

அங்கே கணக்குகளெல்லாம் இருக்கும் சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. முதலாளி விஜயராஜ் நலம் விசாரிக்க வீட்டுக்கு வந்தார்.

"கால் சரியாகுற வரைக்கும் வேற ஆளப் போட்டுக்கிடுதேம்மா."

எமில்டா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வேண்டாம் அண்ணாச்சி, இங்கன இருந்தே சர்வருக்குள்ள போய் வேலைய முடிச்சிருவேன்."

"போன வருசம் எவனோ பாஸ்வேர்டக் கண்டுபிடிச்சு உள்ள புகுந்து கணக்கெல்லாம் அழிச்சுட்டுப் போனாம்லா?"

"பாஸ்வேர்டே வேண்டாம். என் கம்ப்யூட்டர்ல ஜோடியா ரெண்டு சாவி உண்டாக்குதேன். ஒண்ண சர்வர்ல வைக்கணும். அத யாரு பாத்தாலும் பாதகமில்ல. இன்னொண்ணு என் மெஷின விட்டு வெளிய போகாது."

அவர் அரைமனதாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலையே கட்டிலில் சாய்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். கட்டளையைத் தட்டியதும் சாவியைப் பூட்ட ரகசிய வாசகம் கேட்டது. நீளமாக ஒன்றைக் கொடுத்தாள். இரண்டு ஃபைல்கள் வந்தன. இரண்டுக்கும் ஒரே பெயர். சர்வருக்கு அனுப்ப வேண்டியதற்கு மட்டும் கடைசியில் ஒரு புள்ளியும் 'பப்' என்ற எழுத்துகளும். மாத்திரை மயக்கத்தில் அவள் மற்றதை, அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கும் ரெக்சனின் போனுக்கு அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ரெக்சன் கூப்பிட்டான். "அக்கா, சர்வர்ல போட்டுட்டேன். மொத வரியில பிரைவேட் கீன்னு இருக்கே?"

எமில்டா அனுப்பிய ஃபைலின் பெயரைப் பார்த்தாள்; கடைசியில் 'பப்' இல்லை. "ஏலே, அது வெளிய வரக் கூடாத சாவி, ஒடனே அழி."

"நாந்தானக்கா பாத்தேன். சரியான ஃபைல அனுப்புங்க, போதும். அண்ணாச்சிக்கு ஏன் தெரியணும்?"

அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வேலையே ஊசலாடும் நேரம். ஆனால் அந்தச் சாவி இப்போது இன்னொருவர் போனிலும் அலுவலகக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. இரண்டு ஃபைல்களையும் அழித்து, புதிய ஜோடியை உண்டாக்கினாள். பெயரை வாய்விட்டுப் படித்த பிறகே அனுப்பினாள். சர்வர் அவளை உள்ளே விட்டது. முதலாளியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"அப்போ அந்தப் பழைய சாவி?"

"அதோட ஜோடிய அழிச்சாச்சு, அது இனி எந்தக் கதவையும் திறக்காது அண்ணாச்சி."

"சரிம்மா. ஆளு வேண்டாம், நீயே பாரு."

அதன்பிறகு பாஸ்வேர்டு போட்டு நுழையும் வழியை அடைத்தாள். மறுநாள் காலையில் விஜயராஜ் தன் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"எம்மா, என்னையே உள்ள விடமாட்டேங்குதே!"

எமில்டா சிரித்தபடி அவரைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, அவர் லேப்டாப்பிலும் ஒரு ஜோடிச் சாவி உண்டாக்கத் தொடங்கினாள். ரகசிய வாசகம் கேட்ட இடத்தில் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பிவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.