செத்த சிவப்பு

அச்சகத்தில் சித்தப்பாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சொட்டு என்றால்தான் தெரியும். மை கலக்கும் மேசையின் முன் நின்று, "இன்னும் ஒரு சொட்டு மஞ்சள்" என்பார். விட்டதும் "போதும்" என்பார். முப்பத்தெட்டு வருஷம் அதுதான் வேலை. வண்ண அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதை அவமானமாக நினைப்பார். "அட்டையப் பாத்துக் கலக்குறதுன்னா நான் எதுக்கு?"

ஏழு வருஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டுத் திரும்பிய நான், அவர் வீட்டின் பின்னறையில் பெட்டியை வைத்தேன். ஒரு மாதம் இருந்துவிட்டுக் கிளம்புவதாக உத்தேசம். வந்த மூன்றாம் நாள், கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சித்தியிடம் சொல்லிவிட்டு, என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கண் மருத்துவரிடம் போனார்.

"கண் நரம்பு வாடிக்கிட்டே வருது. ஓரப் பார்வை கொறைஞ்சுக்கிட்டே போகும். போனது திரும்பாது" என்றார் மருத்துவர். "வண்டி ஓட்டுறதுன்னா இன்னும் ஆறு மாசம். அதுவும் பக்கத்துல ஆள் இருந்தா, காலி ரோட்டுல. அப்புறம் ஸ்டீயரிங்கையே தொடாதீங்க."

படியிறங்கும்போது சித்தப்பா விரல்விட்டு எண்ணினார். "ஆறு மாசம். போதும்."

"எதுக்கு சித்தப்பா?"

"வா, காட்டுறேன்."

கிடங்குகளுக்குப் பின்னாலிருந்த ஒரு பட்டறைக்குக் கூட்டிப்போனார். மரக்கட்டைகள் மேல், சக்கரம் இல்லாமல் ஒரு காரின் கூடு நின்றது. இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். சுவரோரம் வரிசையாகத் தகர டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒட்டிய காகிதத்தில் பட்டறைக்காரரின் கோழிக்கிறுக்கல்: 'இடது கதவு திருகு', 'கேபிள்', 'எதுன்னு தெரியல'.

பணி ஓய்வு பெற்ற கையோடு சித்தப்பா, ஒரு கோழிப் பண்ணையில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, ஒன்றரை வருஷம் முன்பு இங்கே ஒப்படைத்திருந்தார். பட்டறைக்காரர் கடைசி ஆணி வரை கழற்றி, வளைந்ததை நிமிர்த்தி, இல்லாததைத் தானே கடைந்து செய்துகொண்டிருந்தார்.

"இதுல கோழி முட்டை போட்டிருந்துச்சும்மா" என்றார் அவர். "அண்ணன் அதையும் ஒரு டப்பாவுல போட்டு வைக்கச் சொன்னாரு."

சித்தப்பாவின் இருபத்திரண்டாவது வயதில், இந்த ரகக் கார் விற்பனைக் கடைக்குப் புதிதாக வந்தபோது, அதன் விளம்பரத் தாளை அச்சிடும் வேலை அவர் அச்சகத்துக்கு வந்தது. மை டப்பாக்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கடைக்கே போய், காரின் பக்கத்தில் நின்று, பதினொரு நாளில் பதினொரு முறை கலந்து அந்தச் சிவப்பைப் பிடித்தார். பன்னிரண்டாம் நாள் அவருக்கு மை கலக்கும் மேசை கிடைத்தது. காரில் மட்டும் உட்கார விடவில்லை. "கை மையா இருக்கு, தொடாதே" என்றார்களாம்.

"ஒரே ஒரு தடவ. அந்தச் சிவப்புல, நானே ஓட்டணும்" என்றார் என்னிடம்.

நான் கிளம்பவில்லை.

இரண்டாம் மாத முடிவில் இன்ஜின் ஓடியது. பெயின்ட் அடித்தாயிற்று. சித்தப்பா வெயிலில் காரைச் சுற்றிவந்தார், குனிந்தார், கண்ணைச் சுருக்கினார்.

"இல்ல தம்பி. செத்த சிவப்பு. உயிரே இல்ல."

"அண்ணே, இது..."

"சுரண்டிடு."

சுரண்டி, அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்து, காயவைத்து, தேய்த்து, மறுபடி அடிக்க ஒன்றரை மாதம் ஆனது. இரண்டாவது சிவப்பும் செத்த சிவப்புதான். இன்னொரு ஒன்றரை மாதம் போயிற்று. மூன்றாவதைக் கலக்கும்போது பட்டறைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். அது எனக்குக் கண் கூசுகிற ஆரஞ்சாகத் தெரிந்தது. அதுவும் அவருக்குச் செத்துத்தான் கிடந்தது.

வீட்டில் சித்திக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கல்யாணத்துக்குப் புடவை எடுக்கறப்ப எனக்கு இவ்வளவு பாத்தீங்களா? எதையோ உருவிட்டு வந்தீங்க" என்பாள். ஆனால் மருத்துவர் சொன்னதை நான் அவளிடம் சொல்லவேயில்லை; சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் இடதுபக்கம் இருக்கும் டம்ளரைச் சத்தமில்லாமல் வலதுபக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஆறு மாதத்தில் இருபது நாள்தான் மிச்சம். கார் மூன்றாம் முறையாகச் சுரண்டப்பட்டு, சாம்பல் நிறப் பிரைமரில் நின்றது. பட்டறைக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"எனக்குக் கை ஓஞ்சுபோச்சும்மா. இதப் பாரு." ஒரு டப்பாவைத் திறந்தார். முதலில் கழற்றியபோதே எடுத்து வைத்த சிறு பெட்டி மூடி. டேஷ்போர்டில் இருந்தது. அதன் உட்புறம் வெயிலே படாமல் புதிதாக இருந்தது. "கம்பெனி அடிச்ச பெயின்ட். இத வச்சுத்தான் முதல் தடவையே கலந்தேன். முடி அளவு வித்தியாசம் இல்ல."

"அப்ப ஏன் சித்தப்பாகிட்ட காட்டல?"

"அட்டையக் காட்டினாலே அடிக்க வருவாரே. இதக் காட்டவா?"

நான் காட்டினேன். எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல், வெயிலில் அவர் கையில் கொடுத்தேன். முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இதுவும் செத்ததுதான். யாரு கலந்தது?"

சித்தப்பாவும் பட்டறைக்காரரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"யாரும் கலக்கல சித்தப்பா. இது இந்தக் காரோட சொந்தப் பெயின்ட்."

மறுபடி பார்த்தார். வலது கண்ணைப் பொத்திப் பார்த்தார், இடது கண்ணைப் பொத்திப் பார்த்தார். பார்வையின் ஓரங்கள்தான் போகும் என்று நினைத்திருந்தார். நிறமும் போகும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. எனக்கும்தான். ஒரு டயரின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப மொதல்ல அடிச்சது?"

"அதேதான் அண்ணே."

"ஏன்டா சொல்லல?"

"முப்பத்தெட்டு வருஷம் சிவப்பு கலந்த ஆளுகிட்ட நான் என்னத்தச் சொல்றது?"

வெகுநேரம் அந்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"ஒன்றரை மாசம் இனிமே கெடையாது. சக்கரத்தப் பூட்டு. இப்படியே ஓட்டுறேன்."

"பிரைமர்லயா அண்ணே? பேய் மாதிரி இருக்குமே!"

"பூட்டுடா."

மறுநாள் காலை, கிடங்குகளுக்கு இடையே இருந்த காலிப் பாதையில், சாம்பல் நிறக் காரில் உட்கார்ந்தார். நான் இடதுபக்கம். கையைச் சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டுதான் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். முதல் கியர், இரண்டாவது கியர். மெதுவாகத்தான் போனோம். அவர் உதடு எதையோ முணுமுணுத்தது. சிரிக்கிறார் என்றுகூட நினைத்தேன். பாதை முடிகிற இடத்தில் இடதுபக்கம் ஒரு கல்தூண்.

"சித்தப்பா, தூண்."

"எங்க?"

"இடதுபக்கம். நிறுத்துங்க, நிறுத்துங்க!"

அவர் இடதுபக்கம்தான் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே "எங்க?" என்றார். பிரேக்கில் நான் கால் வைக்க முடியாது. தகரம் கிழியும் சத்தத்தோடு நின்றோம்.

அடி யாருக்கும் படவில்லை. இறங்கி, தடவிக்கொண்டே வந்து, மட்கார்டின் கிழிசலில் உள்ளங்கையை வைத்தார்.

"எவ்வளவு போச்சு?"

"ஒரு முழம்."

ஓடிவந்த பட்டறைக்காரரிடம் சாவியை நீட்டினார். சாவி அவர் கைக்கு வெகு தள்ளி, காற்றில் நின்றது. பட்டறைக்காரர் ஒரு அடி நகர்ந்து வாங்கிக்கொண்டார்.

"அந்த மொத சிவப்பையே அடிச்சிடு தம்பி."

அடித்து முடிக்கும்போது ஆறு மாதம் கடந்திருந்தது. சித்தியும் வந்திருந்தாள். சித்தப்பா பானட்டின் மேல் கையை வைத்து, முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"சொல்லு."

"சிவப்பா இருக்கு சித்தப்பா. நல்ல சிவப்பு."

"அது தெரியும்" என்றார் எரிச்சலாக. "மஞ்சள் தூக்கலா, நீலம் தூக்கலா?"

நான் பார்த்தேன். தள்ளி நின்று பார்த்தேன், கிட்டே போய்ப் பார்த்தேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.